பச்சை உண்டா, இல்லையா

அந்தப் படிவத்தில் மொத்தம் பதினோரு கட்டங்கள். ஆறு கட்டம் வரை தையற்காரர் தடுமாறாமல் வந்துவிட்டார். வயது இருபத்து நாலு. உயரம் ஐந்தடி ஏழங்குலம். அதை அவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, பால்குடி மறந்த நாளிலிருந்து அந்த உடம்பை அளந்தவர். ரத்த வகை ஓ பாசிட்டிவ். ஏழாவது கட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டார்.

"உடம்புல டாட்டூ, பச்சை ஏதாவது உண்டா?" என்று கேட்டாள் போலீஸ்காரப் பெண்.

"உண்டு."

"எங்க?"

"இடது கையில. தோளுக்குக் கீழ."

"என்ன போட்டிருக்கார்?"

தையற்காரர் தன் செருப்பைப் பார்த்தார். "தெரியாதும்மா."

"பூவா, பேரா, படமா? சும்மா ஒரு அடையாளம் சொன்னாப் போதும்."

"நான் பார்த்ததில்ல."

அவள் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவளுடைய மணிக்கட்டிலேயே மூன்று குட்டி நட்சத்திரங்கள் கடிகாரப் பட்டைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தன. காக்கி உடுப்புக்காரர்களே போட்டுக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. "பெத்த அப்பாதானே நீங்க?" என்றாள். கேட்டதில் கேலி இல்லை, திகைப்புத்தான். ஆனாலும் தையற்காரருக்குக் கன்னத்தில் அறை வாங்கியது போல இருந்தது.

விஷயம் இதுதான். பொட்டலம் கட்டி அனுப்பும் கம்பெனி ஒன்றின் வேன், இரவு வேலை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பாலத்து இறக்கத்தில் ஒரு எண்ணெய் லாரியின் பின்னால் போய் மோதித் தீப்பிடித்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் எட்டுப் பேர். ஆறு பேர் யார் யார் என்று தெரிந்துவிட்டது. மீதி இரண்டு பேரில் ஒருவன் நகரத்தின் மறுகோடியில் உள்ள பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை மேஜை மேல் கிடந்தான். பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். இன்னொருவன் இங்கே, இந்த நடைபாதையின் கடைசிக் கதவுக்குப் பின்னால், குளிர்ப்பெட்டிக்குள் கிடந்தான். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு, ஒரே உயரம், ஒரே சாம்பல் நிறச் சீருடை, போதாக்குறைக்கு ஒரே ரத்த வகை. இருவருக்குமே முகம் அடையாளம் சொல்லும் நிலையில் இல்லை. அட்டை, போன் எல்லாம் வேனோடு போயிற்று. பிழைத்தவனுக்கு இரண்டு கையிலும் கட்டு. நாலு மணி வரைக்கும் அந்த அறைக் கதவு திறக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு பையன்கள். நடைபாதை பெஞ்சில் இரண்டு அப்பாக்கள். ஒருவர் பிள்ளை பிழைத்தால் இன்னொருவர் பிள்ளை போய்விட்டான். இதற்கு மேல் அதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை.

இன்னொரு அப்பா ஒரு மருந்துக்கடைக்காரர். வெள்ளைச் சட்டை, கலையாத இஸ்திரி மடிப்பு, பையில் இரண்டு பேனா. பேச்சும் அப்படித்தான், மடிப்புக் கலையாத பேச்சு. அவர் படிவத்தை ஐந்தே நிமிஷத்தில் முடித்துவிட்டார். ஏழாவது கட்டத்துக்கு வந்தபோது அந்தப் பெண்ணைக் கேள்வியை முடிக்கக்கூட விடவில்லை.

"இல்ல. என் பையனுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது."

"சார், எதுக்கும் நல்லா யோசிச்சு..."

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? அவங்க அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு. வீட்டுல நானும் அவனும்தான். சாயங்காலம் மூணு மணி நேரம் எங்கூடக் கடையில நின்னுட்டுத்தான் கம்பெனிக்கே போவான். எனக்குத் தெரியாம அவனை ஒரு கொசு கடிச்சதில்ல."

அவள் 'இல்லை' என்பதில் ஒரு டிக் போட்டாள். குளிர்ப்பெட்டியில் கிடந்தவனின் இடது கையில் பச்சை இருந்தது என்பது அவர்கள் மூவருக்கும் தெரியும். அந்தக் கையின் மேல் அவன் குப்புற விழுந்து கிடந்ததால், தீ தொடாமல் விட்டது அது ஒன்றைத்தான். டிக் விழுந்ததும் மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடி நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

அங்கே டாக்டர் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. தேவையில்லாமல் யாருக்கும் உடலைக் காட்டக் கூடாது. பெற்றவர்கள் பார்த்துவிட்டு அங்கேயே சரிந்து விழுந்து, அவர்களையும் தூக்கிக் கட்டிலில் போட வேண்டியிருக்கிறதாம். நல்ல சட்டம்தான். அதன்படி 'இல்லை' என்றவர் பார்க்க வேண்டியதில்லை. 'உண்டு' என்றவர்தான் உள்ளே போக வேண்டும்.

'தெரியாது' என்று தையற்காரர் சொன்னாரே, அது சாதாரணத் தெரியாது இல்லை. பாடுபட்டுச் சம்பாதித்த தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் பையன் கடைக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா, ஒண்ணு காட்டணும், திட்டக் கூடாது" என்று சட்டைக் கையைச் சுருட்டினான். உள்ளே பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தது. தாளுக்குள் கறுப்பாக ஏதோ தெரிந்ததும் தையற்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "மூடு. அந்தக் கண்றாவிய என் கண்ணுல காட்டாத" என்றார். "ஒரே ஒரு தடவை பாருங்கப்பா. பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க" என்று பையன் கெஞ்சினான். அவர் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்தபடியே, "அது இருக்கிற கை என் வீட்டுச் சோத்துல படக் கூடாது" என்று சொல்லிவிட்டார். நரம்பில்லாத நாக்கு, அது பாட்டுக்குச் சொல்லிவிட்டு வாய்க்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பையன் அன்றைக்கே நண்பர்களோடு ஓர் அறைக்குப் போய்விட்டான்.

அதன் பிறகு அவன் அம்மா வாரத்துக்கு ஒரு நாள் தூக்குப் பாத்திரத்தில் எதையோ கட்டிக்கொண்டு 'சிநேகிதி வீட்டுக்கு'ப் போய் வந்தாள். அந்தச் சிநேகிதி யார் என்று தையற்காரருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவருடையது உடும்புப் பிடி.

பிடிவாதத்துக்கு ஒரு பூர்வீகம் இருந்தது. அவருடைய அப்பா மூட்டை தூக்கியவர். முன்கையில் ஒரு தேள் பச்சை. குத்தியவன் என்ன நினைப்பில் குத்தினானோ, ஒரு பக்கம் நாலு கால், மறுபக்கம் மூன்றுதான். அந்தக் காலத்தில் அவரோடு மூட்டை தூக்கிய அத்தனை பேர் கையிலும் ஏதாவது ஒன்று இருந்தது. "சொத்து பத்து எதுவும் கூட வராதுடா. கடைசி வரைக்கும் கூட வர்றது இது ஒண்ணுதான்" என்று தட்டிக் காட்டுவார். பள்ளிக்கூடத்தில் தையற்காரருக்கு 'நொண்டித்தேள்' என்று பட்டப்பெயர். கல்யாணத்தன்று போட்டோ எடுக்கும்போது, பெண் வீட்டார் கண்ணில் பட்டுவிடப் போகிறதே என்று, "அப்பா, கையைப் பின்னால வெச்சுக்குங்க" என்று காதைக் கடித்தார். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இத்தனையும் தாண்டி, கத்தரிக்கோல் பிடித்து, நாலு பேர் 'வாங்க, போங்க' என்று கூப்பிடும் இடத்துக்கு வந்தாயிற்று. பெற்ற பிள்ளை கைக்காசு கொடுத்து அதே சேற்றில் போய்க் காலை வைக்கிறானே என்ற ஆத்திரம் அவருக்கு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

கம்பெனிப் படிவத்தில், அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் பையன் அம்மாவின் எண்ணை எழுதவில்லை. அப்பாவின் கடை எண்ணைத்தான் எழுதியிருந்தான். அதனால் காலை ஒன்பது மணிக்குப் போன் இவருக்கு வந்தது. வீட்டில், லைனிங் துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"போலாங்களா?" என்று எழுந்தாள் போலீஸ்காரப் பெண்.

மருந்துக்கடைக்காரரும் கூடவே எழுந்தார். "நான் வேணா துணைக்கு வரட்டுமா?"

"ஒருத்தர் போதும் சார்."

அவர் தையற்காரரின் தோளை அழுத்தினார். "மனசைக் கல்லாக்கிக்குங்க டெய்லர். நீங்க வெளிய வர்ற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன்."

நல்ல மனுஷன்தான். ஆனால் அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது தையற்காரருக்கு. பிள்ளை பிழைத்தவனுக்கு வருகிற பெருந்தன்மை அது. தனக்கு அது வராமலே போகப் போகிறது என்ற பொறாமையில் அவருக்குக் காது மடல் சுட்டது.

உள்ளே வெள்ளை ஓடு பதித்த சுவர், ஈரத் தரை, கண்ணைக் கரிக்கும் மருந்து வாடை. ரப்பர் அங்கி போட்ட ஊழியர் ஒருவர் இழுப்பறையை இழுத்து வைத்திருந்தார். தலை முதல் கால் வரை துணி. இடது கை மட்டும் வெளியே.

"முகத்தைக் காட்டுன்னு கேக்காதீங்கண்ணே. காட்ட மாட்டேன்" என்றார் ஊழியர். கண்டிப்பாகச் சொன்னாலும் அது கருணைதான்.

தையற்காரர் கிட்டே போனார். கையைப் பார்த்தே அளவு சொல்லிவிடுகிறவர் அவர். மணிக்கட்டு ஆறரை, முழங்கைச் சுற்று பத்து, தோளிலிருந்து இருபத்து மூன்றரை. பையனின் அளவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். அதை நம்பித்தான் உள்ளேயே வந்தார். ஆனால் அந்தக் கை வீங்கியிருந்தது. எந்த அளவும் நிற்கவில்லை. விரல்களைப் பார்த்தார். நகங்கள் ஒழுங்காக வெட்டியிருந்தன. தன் பையன் நகம் கடிப்பான். கடிப்பதை விட்டிருப்பானோ? இரண்டு வருஷத்தில் அவன் எதையெல்லாம் விட்டான், எதையெல்லாம் பிடித்தான் என்று இவருக்கு யார் வந்து சொன்னார்கள்?

வேறு வழியில்லாமல் அந்தப் பச்சையைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பச்சையை முகம் திருப்பாமல் பார்த்தார். சிறகை விரித்த ஒரு சின்னப் பறவை. அதற்குக் கீழே எண்கள். கோடுகள் அத்தனை நைசு; ஊசி பிடிக்கிறவனுக்கு ஊசி வேலை தெரியும், குத்தியவன் கைதேர்ந்தவன்.

"பதினேழு, ஒன்பது" என்று வாசித்தாள் போலீஸ்காரப் பெண். "தேதி மாதிரி இருக்கு. உங்க பையன் பிறந்த நாளா?"

தையற்காரர் யோசித்தார். பையன் பிறந்த அன்று மழை கொட்டியது நினைவிருந்தது. நனைந்துகொண்டே ஓடியது நினைவிருந்தது. தேதி? அதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்வது மனைவியின் வேலை என்று விட்டிருந்தார். மழைக்காலம் என்றால் ஒன்பதாம் மாதமாகவும் இருக்கலாமே.

"இவர்தானாங்க?"

"தெரியலம்மா. எனக்குத் தெரியல."

"அவங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியும். அவளுக்கு எல்லாம் தெரியும்.

நடைபாதைத் திருப்பத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. அதன் பக்கத்தில் நின்று போனை எடுத்தார். பெஞ்சில் மருந்துக்கடைக்காரர் இல்லை. எப்படிக் கேட்பது? காரணத்தைச் சொன்னால் அவள் நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவாள். பிழைத்தவன் நம்மவனாக இருந்தால், வீணாக அவளை ஒரு தடவை கொன்ற பாவம் வரும். காரணம் சொல்லாமல்தான் கேட்க வேண்டும். இரண்டு வருஷம் பேச்செடுக்காதவர், நட்ட நடுப் பகலில், துணிக்கடையிலிருந்து.

"என்னங்க, லைனிங் துணி கிடைச்சுதா?"

"ம்."

"நீலம்தானே? போன தடவை மாதிரி கறுப்பைத் தூக்கிட்டு வந்துடாதீங்க."

"நீலம்தான். இந்தா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அவன் கையில போட்டிருக்கானே... அது என்ன?"

"எவன் கையில?"

"உன் பிள்ளை கையிலதான்."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"என்ன கேட்டீங்க? இன்னொரு தடவை கேளுங்க."

"என்ன போட்டிருக்கான்னு கேட்டேன்."

"ரெண்டு வருஷங்க. இன்னைக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு உங்க வாயையே பார்த்துட்டு இருந்தேன். இன்னைக்கு என்ன, சூரியன் மேற்குல உதிச்சிடுச்சா?" அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"சொல்லு."

"சொல்ல மாட்டேனே. அவன் என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான். 'அப்பா என்னைக்காவது கேட்டா நீ சொல்லிடாதம்மா, நானே வந்து காட்டுறேன்'னு. இருங்க, இப்பவே அவனுக்குப் போன் போடுறேன்."

"போடாத!"

அவர் போட்ட சத்தத்தில் போலீஸ்காரப் பெண் கதவருகே இருந்து திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் இப்படிக் கத்துறீங்க?"

"தூங்குவான். ராத்திரி வேலை பார்த்தவன்."

"பார்றா, ராத்திரி வேலைன்னு கூடத் தெரிஞ்சு வெச்சிருக்காரு மனுஷன். வெளியதான் வீராப்பு."

"நம்பர் ஏதாவதா? தேதி மாதிரி?"

"நம்பரா? அவன் என்ன லாரியா, நம்பர் எழுதி ஓட்ட?"

"அப்போ பறவையா? சொல்லித் தொலையேன்டி!"

அவர் குரலில் என்ன கேட்டதோ, அவள் விளையாட்டை நிறுத்திவிட்டாள். "பறவையும் இல்ல, பல்லியும் இல்ல" என்றாள் மெதுவாக. "உங்க அப்பா கையில இருந்ததுதாங்க."

தையற்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டார். "எது?"

"எதுன்னு கேக்குறீங்க பாருங்க. அந்தத் தேள்தான். மாமா போட்டோ ஒண்ணு என் பெட்டியில இருந்துச்சு. கையைப் பின்னால கட்டாம, சும்மா உக்காந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் காட்டி அப்படியே போட்டுக்கிட்டான். ஒரு கால் குறையுதேடான்னேன். அந்த டாட்டூக்காரனும் கேட்டானாம், சேர்த்துப் போடவான்னு. வேணாம், தாத்தாவுக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும்னுட்டானாம்."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"உங்களைக் குத்திக் காட்ட இல்லைங்க. ஆசையாத்தான் போட்டான். நீங்க பார்த்தா சிரிச்சிடுவீங்கன்னு நெனச்சுத்தான் அன்னைக்குக் கடைக்கு ஓடி வந்தான். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லட்டுமா?"

"நானே கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லி போனை அணைத்தார்.

அவன் இல்லை. உள்ளே கிடப்பது அவன் இல்லை. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த மனுஷர் அறுபது வருஷத்தில் அனுபவித்ததில்லை. சுவரோடு சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பாவுக்கும் சேர்த்து அழுதார், பையனுக்கும் சேர்த்து அழுதார். பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் கட்டோடு கிடப்பவன் அவர் பிள்ளை. கட்டுக்கு அடியில் நொண்டித்தேள் பத்திரமாக இருக்கும்.

போலீஸ்காரப் பெண் பக்கத்தில் வந்தாள். "உங்க பையன் இல்லையா?"

"இல்லம்மா. அவன் கையில தேள். பறவை இல்ல."

"நிச்சயமா?"

"அவன் அம்மா சொல்லிட்டா."

அவள் படிவத்தைப் பார்த்தாள். 'இல்லை' என்று தன் கையாலேயே போட்ட டிக்கைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "அப்போ அந்த சார்..." என்று முணுமுணுத்தாள். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "நீங்க கிளம்புங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்க வண்டி ஒண்ணு போகுது, வாசல்ல நிக்குது. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள்.

தையற்காரர் மறு பேச்சுப் பேசவில்லை. படிக்கட்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். அவர் ஒன்றும் மகான் இல்லை. பிள்ளை பிழைத்த அப்பா, அவ்வளவுதான். யாரையும் பார்க்காமல் இறங்கி, வண்டியில் ஏறி, போய்விட வேண்டும்.

படியில் மருந்துக்கடைக்காரர் ஏறி வந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் இரண்டு டீ. தளும்பிவிடாமல் இருக்க ஒவ்வொரு படியாக நிதானித்து வந்தார். நிமிர்ந்து தையற்காரரின் கண்ணைப் பார்த்தார், நனைந்த முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. டீயை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்து இவரைக் கட்டிக்கொண்டார்.

"அழுதுடுங்க டெய்லர். அடக்காதீங்க." முதுகைத் தடவிக் கொடுத்தார். "பெத்தவனுக்குத்தான் தெரியும். நாளைக்கு என் பையன் எழுந்து நடமாடினா, அவன் உங்களுக்கும் பிள்ளைதான். நான் சொல்றேன்."

தையற்காரரின் உடம்பு கட்டையாக விறைத்தது. கீழே வண்டி ஹாரன் அடித்தது. ஒரு தடவை, உடனே இன்னொரு தடவை.

தலையை ஆட்டிவிட்டுப் போய்விடலாம். அந்தப் பெண் பேசிக்கொள்வாள். எப்படிப் பேசுவாள்? மறுபடியும் அதே ஏழாவது கட்டத்தைக் கேட்பாள். மருந்துக்கடைக்காரர் மறுபடியும் 'இல்லை' என்பார். உள்ளே வந்து பாருங்கள் என்றால், என் பையன் இல்லாதபோது நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்பார். தலைகீழாக நின்றாலும் அந்த மனுஷனை அசைக்க முடியாது. தையற்காரருக்கு அது நன்றாகத் தெரியும். சுவரைப் பார்த்து நின்றவருக்குத் தெரியாதா?

"சார், இப்படி உக்காருங்க" என்று அவரைப் படியிலேயே உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "உள்ள இருக்கிறது என் பையன் இல்ல."

மருந்துக்கடைக்காரர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. மெய்யாகவே மலர்ந்தது. "அப்பாடா. நல்ல சேதி டெய்லர், நல்ல..." என்றவர் பாதியில் நின்றார். "அப்போ வேன்ல ஒன்பது பேர் இருந்திருக்காங்க. எட்டுப் பேர்னு எவன் சொன்னான்? சரியா எண்ணியிருக்க மாட்டாங்க."

"சார்."

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும். பாவம், எந்த வீட்டுப் பிள்ளையோ."

"உங்க வீட்டம்மா எந்தத் தேதியில தவறினாங்க?"

"எதுக்கு?"

"சொல்லுங்க சார்."

"ஒன்பதாம் மாசம் பதினேழு. அன்னைக்கு நாங்க கடை திறக்கிறதில்ல. எதுக்குக் கேக்குறீங்க?"

தையற்காரர் அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையின் மேல், தோளுக்குக் கீழே, ஒரு விரலை வைத்தார். அளவு எடுத்து எடுத்துப் பழகிய விரல், இடம் தவறவில்லை.

"இங்க ஒரு பறவை இருக்கு சார். சின்னதா, றெக்கையை விரிச்சுக்கிட்டு. அதுக்குக் கீழ அந்தத் தேதி."

மருந்துக்கடைக்காரர் அந்த விரலையே பார்த்தார். இல்லை என்று சொல்ல வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மேலே போலீஸ்காரப் பெண் வந்து நின்றாள், இறங்காமல். வாசலில் நின்ற வண்டி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போயிற்று. தையற்காரர் எழுந்திருக்கவில்லை.

"வீட்டுலகூட முழுக்கைச் சட்டைதான் போடுவான்" என்றார் மருந்துக்கடைக்காரர். "எவ்வளவு வெயில் அடிச்சாலும். நல்ல பழக்கம்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லியிருக்கேன்."

தையற்காரர் அவர் கையை விடவில்லை.

"குத்தும்போது வலிச்சிருக்குமே, டெய்லர்" என்றார் அவர். "மருந்துக்கடையில நின்னுக்கிட்டு, ஒரு வலி மாத்திரை கூட என்கிட்ட கேக்கலையே."